ரைலி பேட்: சக்கர நாற்காலி ரக்பியின் 3.5 புள்ளிக்காரர் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நான்கு வருடத்துக்கு ஒருமுறை, பாராலிம்பிக் நடக்கும் நாட்களில் மட்டும், சக்கர நாற்காலி ரக்பியின் ஒரு நிமிடக் காட்சி கைப்பேசிக்குக் கைப்பேசி தாவும். கால்களே இல்லாத, தோள்பட்டை அகன்ற ஒருவர் பந்தை மடியில் வைத்துக்கொண்டு வந்து எதிராளியின் நாற்காலியைப் பக்கவாட்டில் புரட்டிப்போடுவார். "யாருங்க இந்த ஆளு?" என்று கேட்டு எனக்கு அனுப்புகிறவர்கள் உண்டு. பெரும்பாலும் அந்த ஆள் ஆஸ்திரேலியாவின் ரைலி பேட். திரும்பத் திரும்ப வரும் கேள்விகளுக்கு ஒரே இடத்தில் பதில் எழுதிவைத்தால் தேவலை என்று தோன்றியது.

யார் இந்த ரைலி பேட்?

1989 மே 22 அன்று பிறந்தவர். சிட்னிக்கு வடக்கே, நியூ சவுத் வேல்ஸ் கடலோரத்தில் இருக்கும் போர்ட் மக்வாரி ஊர்க்காரர். 'ஸ்டீலர்ஸ்' என்று அழைக்கப்படும் ஆஸ்திரேலிய அணிக்காக 2004 முதல் 2024 வரை ஆறு பாராலிம்பிக்கில் ஆடியிருக்கிறார். லண்டனிலும் ரியோவிலும் தங்கம், பெய்ஜிங்கில் வெள்ளி, பாரிஸில் வெண்கலம். 2014, 2022 ஆகிய இரண்டு உலகப் பட்டங்களை வென்ற அணியிலும் இருந்தவர். உலகின் சிறந்த ஆட்டக்காரர் யார் என்ற பேச்சு வந்தால் பத்து வருடத்துக்கும் மேலாக முதலில் வந்து விழும் பெயர் இவருடையது.

விபத்தில் கால்களை இழந்தவரா?

இல்லை, பிறவியிலேயே கால்கள் கிடையாது. கைகளிலும் குறை உண்டு. ஒட்டிப் பிறந்த விரல்களைப் பிரிக்கச் சிறு வயதில் அறுவைச் சிகிச்சை செய்தார்கள். அந்தக் கைகள்தான் அவரை இந்த விளையாட்டுக்குள் விட்டன; அது கீழே வருகிறது.

சிறுவனாக இருந்தபோது சக்கர நாற்காலியே வேண்டாம் என்றாராமே?

உண்மை. ஏறக்குறைய 12 வயது வரை அவர் நாற்காலியில் உட்கார மறுத்தார். ஸ்கேட்போர்டு ஒன்றில் உட்கார்ந்து கைகளால் தள்ளிக்கொண்டே பள்ளிக்கும் தெருவுக்கும் போய்வந்தார். மற்ற பையன்களும் ஸ்கேட்போர்டு வைத்திருந்தார்கள், இவரும் வைத்திருந்தார், கணக்கு சரியாகிவிட்டது. நாற்காலியில் உட்கார்ந்தால் "நான் வேறு" என்று ஊருக்குச் சொல்வதுபோல ஆகிவிடும் என்ற எண்ணம் அந்த வயதில் வராமலிருந்தால்தான் ஆச்சரியம்.

பள்ளி வயதில் ரக்பி நாற்காலியைப் பார்த்ததும் மனசு மாறியது. மருத்துவமனை நாற்காலிக்கும் அதற்கும் ஒட்டுறவே இல்லை. அலுமினியத் தகடு, அடிவாங்கிய தழும்புகள், உள்பக்கம் சாய்ந்த சக்கரங்கள். இடித்து விளையாடுவதற்கென்றே செய்த வண்டி. எந்தப் பையனுக்குத்தான் அது வேண்டாம்?

இங்கே ஒரு சின்ன எரிச்சலைக் கொட்டிக்கொள்கிறேன். "சக்கர நாற்காலியில் முடங்கினார்" என்று நம் செய்தித்தாள்கள் வருடக்கணக்காக எழுதுகின்றன. பேட்டின் ஆட்டத்தில் ஒரு கால்பகுதியை, அதாவது எட்டு நிமிடம், பார்த்தவர் யாரும் அந்த வாக்கியத்தை மறுபடி எழுதமாட்டார்.

கால் இல்லாத யாரும் இதை ஆடலாமா?

முடியாது. கால்களில் மட்டும் குறை உள்ளவர்களுக்குச் சக்கர நாற்காலிக் கூடைப்பந்து இருக்கிறது. ரக்பிக்குக் கையும் காலும் சேர்ந்து பாதிக்கப்பட்டிருக்க வேண்டும். அதற்குக் காரணம் இந்த விளையாட்டு பிறந்த கதையில் இருக்கிறது. 1970களின் நடுவில் கனடாவின் வினிபெக் நகரில், கழுத்துத் தண்டுவடம் அடிபட்டு நாலு கைகாலும் பலவீனமான ஐந்து பேர் கூடைப்பந்துக்குப் போனார்கள். விரல் மடங்காது, பந்தைத் தலைக்குமேல் தூக்கி எறியும் வலு கிடையாது. அங்கே போனால் ஓரத்தில்தான் இடம். சரி, நமக்கென்று ஒன்றை நாமே செய்துகொள்வோம் என்று ஆரம்பித்ததுதான் இது. அவர்களில் டங்கன் கேம்ப்பெல்லின் பெயர் இன்றுவரை மரியாதையோடு சொல்லப்படுகிறது.

'மர்டர்பால்' என்பது இதே விளையாட்டா?

அதே. முதல் பெயர் அதுதான். 'கொலைப்பந்து' என்று பேர் வைத்துக்கொண்டு போய் நிதி கேட்டால் யார் கொடுப்பார்கள்? பெயர் மாறியது. 1996 அட்லாண்டாவில் காட்சி விளையாட்டாக நுழைந்து, 2000 சிட்னியில் முழுப் பதக்க விளையாட்டானது.

ஆட்டம் எப்படி நடக்கும்? ரக்பி தெரியாதவருக்கும் புரியுமா?

புல்தரை ரக்பியை மறந்துவிடுங்கள். கூடைப்பந்து அரங்கின் மரத்தரை, 28 மீட்டர் நீளம், 15 மீட்டர் அகலம். பக்கத்துக்கு நான்கு பேர். கைப்பந்து மாதிரி ஒரு வெள்ளைப் பந்து. இரு முனைகளிலும் இரண்டு கூம்புகளுக்கு நடுவே 8 மீட்டர் அகலத்தில் கோல் கோடு. பந்தைக் கையிலோ மடியிலோ வைத்துக்கொண்டு நாற்காலியின் இரண்டு சக்கரங்களும் அந்தக் கோட்டைத் தாண்டினால் ஒரு கோல். பந்து கையில் வந்த பின் 12 வினாடிக்குள் நடுக்கோட்டைக் கடக்க வேண்டும், 40 வினாடிக்குள் கோல் அடிக்க வேண்டும், 10 வினாடிக்கு ஒருமுறையாவது பந்தைத் தட்டவோ அடுத்தவருக்குக் கொடுக்கவோ வேண்டும். எட்டு நிமிடம் வீதம் நான்கு கால்பகுதிகள்.

பார்க்கத் தொடங்கிய புதிதில் எனக்குப் புரியாமல் இருந்தது ஒன்று உண்டு. ஸ்கோர் ஏன் இவ்வளவு எகிறுகிறது, எகிறியும் ஏன் வித்தியாசம் ஒன்றிரண்டிலேயே நிற்கிறது? பந்து யார் கையில் இருக்கிறதோ அவர்கள் கோல் அடிப்பதுதான் வழக்கம் என்பது பிறகு புரிந்தது. நீ ஒன்று, நான் ஒன்று என்று மாறி மாறி ஏறிக்கொண்டே போகும். ஆகவே கோல் அடிப்பது பெரிய சாதனை இல்லை. எதிராளியிடம் ஒரு பந்தைப் பிடுங்குவதுதான் சாதனை. 32 நிமிட ஆட்டத்தில் நாலைந்து பந்தைக் கூடுதலாகப் பிடுங்கிய அணி ஜெயித்துவிடும்.

அதனால்தான் சில சமயம் பேட் கோல் கோட்டுக்கு ஒரு முழம் முன்னால் வந்து, வழியில் ஒருவரும் இல்லாதபோதும், சும்மா நிற்பார். புதிதாகப் பார்ப்பவர் "போய்யா உள்ளே!" என்று கத்துவார். அவர் பார்த்துக்கொண்டிருப்பது கடிகாரத்தை. கால்பகுதி முடிய மூன்று வினாடி இருக்கும்போது கோட்டைத் தாண்டினால் எதிரணிக்குப் பதில் கோல் அடிக்க நேரம் இருக்காது.

இப்படி மோதுவதெல்லாம் விதிப்படி சரியா?

நாற்காலியும் நாற்காலியும் மோதலாம், எவ்வளவு வேகமாக வேண்டுமானாலும். உடம்பைத் தொடக்கூடாது. பின்சக்கரத்தின் அச்சுக்குப் பின்னால் இடித்து எதிராளியைச் சுழலவிடுவதும் தவறு. அதற்குத் தண்டனைப் பெட்டியில் போய் உட்கார வேண்டும், அணி மூன்று பேரோடு ஆடும். யாராவது குப்புற விழுந்தால் ஆட்டம் நிற்கும், ஓரத்திலிருந்து ஆட்கள் ஓடிவந்து நாற்காலியோடு சேர்த்துத் தூக்கி நிமிர்த்திவிட்டுப் போவார்கள். இடுப்பு வாரால் இறுகக் கட்டியிருப்பதால் ஆளும் வண்டியும் ஒன்றுதான்.

3.5 புள்ளிக்காரர் என்றால் என்ன?

இதுதான் இந்த விளையாட்டின் உயிர்நாடி. இது புரிந்துவிட்டால் பேட்டின் வாழ்க்கையும் புரிந்துவிடும்.

ஒவ்வொரு ஆட்டக்காரரின் கைவலுவையும் உடற்பகுதி வலுவையும் சோதித்து, ஆடும்போதும் கவனித்து, 0.5 முதல் 3.5 வரை ஒரு எண் கொடுப்பார்கள். அரைப் புள்ளி இடைவெளியில் ஏழு வகுப்புகள். உடம்பில் அசைவு அதிகம் உள்ளவருக்கு எண் அதிகம். 0.5 என்றால் தோளுக்குக் கீழே பெரிய வலு இருக்காது, விரல்கள் மடங்காது. 3.5 என்றால் இடுப்பு திரும்பும், கை பந்தை ஓரளவு பிடிக்கும். களத்தில் உள்ள நான்கு பேரின் கூட்டுத்தொகை 8.0ஐத் தாண்டக் கூடாது.

ஆக, பேட்டைக் களத்தில் இறக்கினால் பயிற்சியாளரின் பணப்பையிலிருந்து மூன்றரை ரூபாய் போய்விடுகிறது. மிச்சம் நாலரை ரூபாயில் மூன்று பேரை வாங்க வேண்டும். இன்னொரு 3.5 வேண்டுமா? வாங்கலாம். ஆஸ்திரேலியாவிடம் கிறிஸ் பாண்ட் இருக்கிறார். 19 வயதில் ரத்தப் புற்றுநோயும் அதோடு வந்த கிருமித்தொற்றும் சேர்ந்து இரண்டு கால்களையும் ஒரு கையையும் மறு கையின் பெரும்பாலான விரல்களையும் எடுத்துக்கொண்ட மனிதர். பேட்டும் பாண்டும் சேர்ந்தால் 7.0. மீதி ஒரே ஒரு ரூபாய். அதில் இரண்டு 0.5 பேர்தான் வருவார்கள்.

அப்படியென்றால் குறை குறைவாக உள்ளவர்தானே ஜெயிக்கிறார்? இது நியாயமா?

கேள்வி நியாயமானது. தண்டுவடம் அடிபட்டவர்களுக்காகப் பிறந்த விளையாட்டில், உடற்பகுதி முழு வலுவோடு இருக்கும், கைகால் குறைந்து பிறந்த அல்லது இழந்த ஆட்டக்காரர்கள் வந்து ஆட்டத்தையே வேகப்படுத்திவிட்டார்கள் என்ற முணுமுணுப்பு இன்றும் உண்டு. வயிற்றுத் தசை வேலை செய்யாதவர் ஒரு இடி வாங்கினால் அப்படியே மடங்கிவிடுவார். பேட் அடுத்த நொடியில் நிமிர்ந்து பந்தைக் கொடுத்துவிடுவார். வித்தியாசம் கண்ணுக்கே தெரியும்.

என் கருத்தைச் சொல்கிறேன். அந்த வித்தியாசத்துக்குத்தான் விலை வைத்திருக்கிறார்கள். விலை சரியா, 3.5 போதுமா என்று வாதாடலாம். விலையே இல்லாமல் ஆடும் மற்ற விளையாட்டுகளை நினைத்தால் இது எவ்வளவோ மேல். ஏழடி உயரக்காரர் கூடைப்பந்து ஆட வந்தால் அவருடைய உயரத்துக்கு யாரும் புள்ளி கழிப்பதில்லையே.

15 வயதிலேயே பாராலிம்பிக் போனாராமே?

2004 ஏதென்ஸ். நாற்காலியில் உட்கார்ந்து மூன்று வருடம்கூட முழுதாக ஆகியிருக்காது. சக்கர நாற்காலி ரக்பியில் பாராலிம்பிக் ஆடிய மிக இளையவர் என்ற பெயர் அவருக்குத்தான். அந்த முறை ஆஸ்திரேலியா பதக்கம் வாங்கவில்லை. தங்கம் நியூசிலாந்துக்குப் போனது. நான்கு வருடம் கழித்து பெய்ஜிங் இறுதி ஆட்டத்தில் அமெரிக்காவிடம் 44–53 என்று தோற்று வெள்ளி. 2010 வான்கூவர் உலகப் போட்டியிலும் அமெரிக்காவுக்குப் பின்னால் வெள்ளி. 21 வயதுக்குள் இரண்டு முறை இரண்டாம் இடம்.

லண்டனில் என்ன நடந்தது?

2012 செப்டம்பர் 9, போட்டிகளின் கடைசி நாள். கனடாவை 66–51 என்று அடித்து ஆஸ்திரேலியா முதல் தங்கம் வாங்கியது. அந்தப் போட்டித் தொடரில் ஒரு ஆட்டத்திலும் அவர்கள் தோற்கவில்லை. இறுதியில் அடித்த 66 கோலில் 37 பேட் அடித்தது. மாறி மாறி ஏறும் ஆட்டத்தில் 15 கோல் வித்தியாசம் என்பது என்ன என்று மேலே படித்தவர்களுக்குத் தெரியும். அணியின் பயிற்சியாளர் பிராட் டப்பர்லி. 2000 சிட்னி இறுதியில் அமெரிக்காவிடம் 31–32 என்று ஒரே கோலில் தங்கத்தைக் கோட்டைவிட்ட அணியில் ஆட்டக்காரராக இருந்தவர். அந்த மனிதருக்கு அன்றிரவு எப்படித் தூக்கம் வந்திருக்கும் என்று யோசித்திருக்கிறேன்.

அந்தத் தங்கத்துக்காக 2014இல் பேட்டுக்கு ஆஸ்திரேலிய அரசின் 'ஆர்டர் ஆஃப் ஆஸ்திரேலியா' பதக்கம் கிடைத்தது. அதே வருடம் டென்மார்க்கின் ஓடன்சே நகரில் மறுபடி கனடாவை வென்று முதல் உலகப் பட்டம்.

37 கோல் அவரே அடித்தால் மற்றவர்கள் எதற்கு?

இந்தக் கேள்வி வராத வருடமே இல்லை. வரும்போதெல்லாம் எனக்குக் கை பரபரக்கும்.

கோல் கணக்கில் பெயர் வராத 0.5 ஆட்டக்காரர் என்ன செய்கிறார் என்று பாருங்கள். அவருடைய நாற்காலியே வேறு. பேட் ஓட்டுவது தாக்குதல் நாற்காலி: முன்புறம் உருண்டையாக, பக்கங்களில் இறக்கை மாதிரி தகடு, யாரும் கொக்கி போட்டு மாட்ட முடியாதபடி. 0.5காரரின் நாற்காலியில் முன்னால் நீட்டிய ஒரு கம்பித் தடுப்பு இருக்கும். அவருடைய வேலையே அதை எதிரணி வீரரின் நாற்காலியில் செருகி, ஆளை நிற்க வைப்பது. அவருக்கு வேகம் கிடையாது. ஆகவே எதிராளி எங்கே வரப்போகிறார் என்பதை முன்கூட்டியே அறிந்து அங்கே போய் நின்றிருக்க வேண்டும். தன்னைவிட மூன்று மடங்கு வலு உள்ள ஒரு 3.5காரரை இப்படி ஐந்து வினாடி பிடித்துவைத்தால் போதும், அந்தப் பக்கம் பேட்டுக்கு நெடுஞ்சாலை திறந்துவிடும். ஸ்கோர் பலகையில் பேட்டின் பெயர் வரும்.

நாஸிம் எர்டெம் என்று ஒருவர், 0.5 வகுப்பு. 2000 சிட்னி வெள்ளியிலும் இருந்தார், 12 வருடம் கழித்து லண்டன் தங்கத்திலும் இருந்தார். ரயன் ஸ்காட், அவரும் 0.5, லண்டன், ரியோ இரண்டு தங்கத்திலும் உண்டு. இவர்கள் மலிவு விலைக்குக் கிடைப்பதால்தான் ஆஸ்திரேலியாவால் பேட்டை வாங்க முடிகிறது. மலிவு என்று நான் சொல்வது புள்ளியில் மட்டும்.

ரியோ இறுதி ஆட்டம் ஏன் இவ்வளவு பேசப்படுகிறது?

2016 செப்டம்பர் 18. எதிரில் அமெரிக்கா, அங்கே சக் ஆவோகி என்ற அபாரமான 3.0 ஆட்டக்காரர், கைகால்களில் தொடு உணர்வே இல்லாத ஒரு மரபணுக் குறையோடு பிறந்தவர். முழுநேரத்தில் சமன். மூன்று நிமிடக் கூடுதல் நேரம் கொடுத்தார்கள், அதிலும் சமன். இரண்டாவது கூடுதல் நேரத்தில் 59–58. ஒரு கோல். 2000இல் ஒரு கோலில் அமெரிக்காவிடம் போன தங்கத்தை 16 வருடம் கழித்து ஒரு கோலில் அதே அமெரிக்காவிடமிருந்து வாங்கிக்கொண்டார்கள் என்று சொன்னால் கதை கட்டுவதுபோல இருக்கும். ஸ்கோர் அப்படித்தான் இருக்கிறது, நான் என்ன செய்ய?

எப்போதும் ஜெயித்தவர்தானா?

இல்லவே இல்லை. 2018 உலகப் போட்டி சிட்னியில், சொந்த மண்ணில். இறுதியில் ஜப்பானிடம் 61–62. அதற்கடுத்த டோக்கியோ பாராலிம்பிக் 2021இல் நடந்தது. தொடக்க விழாவில் டேபிள் டென்னிஸ் வீராங்கனை டேனி டி டோரோவோடு சேர்ந்து ஆஸ்திரேலியக் கொடியைப் பிடித்து வந்தவர் பேட். முதல் ஆட்டத்திலேயே, பாராலிம்பிக்குக்குப் புதிதாக வந்த டென்மார்க்கிடம் ஒரு கோலில் தோல்வி. அரையிறுதியில் அமெரிக்கா, வெண்கல ஆட்டத்தில் ஜப்பான். நான்காவது இடம், வெறுங்கை. இரண்டு தங்கத்தோடு வந்த அணிக்கு இது சின்ன அடி அல்ல. அடுத்த வருடமே டென்மார்க்கின் வெய்லே நகரில் அமெரிக்காவை 58–55 என்று வென்று உலகப் பட்டத்தைத் திரும்ப எடுத்தார்கள்.

பெண்களும் சேர்ந்து ஆடுகிறார்களா?

ஆமாம், இது கலப்பு விளையாட்டு. களத்தில் ஒரு பெண் இருந்தால் அணிக்கு 0.5 கூடுதல், அதாவது 8.5 வரை போகலாம். பணப்பைக் கணக்கை நினைவில் வைத்திருந்தால் இந்த அரை ரூபாயின் மதிப்பு புரியும். ஆஸ்திரேலியாவுக்காகப் பாராலிம்பிக்கில் இந்த விளையாட்டை ஆடிய முதல் பெண் ஷே கிரஹாம், டோக்கியோவில்.

சக்கரம் ஏன் அப்படிச் சாய்ந்திருக்கிறது?

கீழே அகன்றிருந்தால் எளிதில் கவிழாது, சட்டென்று திரும்பும். சக்கரத்தின் கம்பிகளை மூடித் தகடு போட்டிருப்பார்கள், எதிராளியின் கம்பி உள்ளே நுழையாமல் இருக்க. டயர் வெடிக்கும் சத்தம் ஆட்டத்தில் சாதாரணம். ஒரு நிமிடத்துக்குள் மாற்றிக்கொடுக்க ஆள் தயாராக ஓரத்தில் நிற்பார். விரல் பிடிக்காதவர்கள் ரப்பர் கையுறையில் பிசின் தடவிக்கொண்டு, உள்ளங்கையால் சக்கரத்தை உரசித் தள்ளுவார்கள்.

பாரிஸில்?

35 வயது, ஆறாவது பாராலிம்பிக். அரையிறுதியில் மறுபடி ஜப்பான், மறுபடி ஒரே கோல்: கூடுதல் நேரத்தில் 51–52. ஜப்பான் பிறகு தங்கம் வாங்கியது. ஆஸ்திரேலியா பிரிட்டனை 50–48 என்று வென்று வெண்கலம் எடுத்தது. இப்படி ஒரு அரையிறுதிக்குப் பின் இன்னொரு ஆட்டத்துக்கு வாரைக் கட்டிக்கொண்டு வந்து நிற்பது எளிதல்ல. பேட்டின் பெட்டியில் இல்லாமலிருந்த நிறம் வெண்கலம்தான்; அதுவும் சேர்ந்தது.

முதன்முதலாகப் பார்க்க எந்த ஆட்டம் நல்லது?

ரியோ இறுதி. இரண்டு முறை பாருங்கள். முதல் முறை பேட்டையும் ஆவோகியையும் பாருங்கள், கண்ணை எடுக்க மனசு வராது. இரண்டாம் முறை பந்தை விட்டுவிட்டு, கோல் கோட்டின் ஓரத்தில் மெதுவாக உருண்டுபோகும் 0.5காரர் ஒருவரை மட்டும் பின்தொடருங்கள். அவர் யாருடைய நாற்காலியில் போய் மாட்டுகிறார், அந்த வினாடியில் எதிர்ப்பக்கம் என்ன திறக்கிறது என்று.